ராணிக்குப் பூசிய வார்னிஷ்

ரங்கூன்
4-12-1938

அன்புள்ள தங்கை செவந்திக்கு,

நான் சுகம். நீயும் மாப்பிள்ளை நாகராசுவும் அழகிக்குட்டியும் சுகமாக இருப்பீர்கள் என்று நானாகவே நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். ஐப்பசியில் போட்ட கடிதத்துக்கு உன்னிடமிருந்து பதில் இல்லை. கோபம் இன்னும் தீரவில்லை போலிருக்கிறது.

ஆடியில் நான் ஊருக்கு வந்திருந்தபோது அழகி கையிலிருந்து ராணிப் பொம்மையைத் தட்டிப் பிடுங்கியதும், அவள் வீறிட்டு அழுததும், நீ முந்தானையை உதறிக்கொண்டு உள்ளே போனதும் எனக்கு மறக்கவில்லை. நாலு வயதுக் குழந்தையின் கையைத் தட்டிவிட்டது தப்புதான். கப்பல் ஏறிய பிறகும் அதே நினைப்பாக இருந்தது. அவளுக்கென்று ஒரு ரப்பர் பந்து வாங்கி வைத்திருக்கிறேன். ஊர்ப்பக்கம் வருகிற ஆள் கிடைத்ததும் கொடுத்தனுப்புகிறேன்.

இப்போது பொம்மைகள் விஷயம். நீ சிரிப்பாய், பரவாயில்லை. அங்கே கார்த்திகை மழை விட்டிருக்கும். கண்ணாடிப் பெட்டியைத் திறந்து எல்லாவற்றையும் ஒரு தடவை துடைத்து வைக்க வேண்டும். என் பழைய வேட்டி ஒன்று கொடியில் கிடக்குமே, அதைக் கிழித்துக்கொள். ஈரத்துணி ஆகவே ஆகாது. எண்ணெயும் தொடாதே, தூசி அப்பிக்கொள்ளும். வெயிலில் வைத்தால் மரம் வெடித்துவிடும். கப்பல்காரன் தொப்பி இடுக்கு, குதிரையின் பிடரி இதற்கெல்லாம் பெட்டியிலேயே மெல்லிய தூரிகை வைத்திருக்கிறேன். விராலிமலைத் தைப்பூசக் கடையில் சின்ன வயதில் நான் அடம் பிடித்து வாங்கிய செம்மரத்து ராஜாவையும் ராணியையும் மட்டும் கீழ்த்தட்டில் பக்கத்தில் பக்கத்தில் வை. அவை ஜோடி.

துடைத்து முடித்ததும் கையைச் சீயக்காய் போட்டு நன்றாகக் கழுவிவிடு. துடைத்த துணியை வேறு எதற்கும் எடுக்காதே. ஆடியில் நான் பூசிய வார்னிஷ் கையில் ஒட்டினால் சாப்பாட்டில் வாடை வரும், அதற்காகச் சொல்கிறேன். பெட்டிச் சாவியை அழகிக்கு எட்டாத ஆணியில் மாட்டு.

மறக்காமல் பதில் போடு.

உன் அண்ணன்,
ரெங்கசாமி

*

குன்றாண்டார்கோவில்
வெகுதானிய வருஷம், மார்கழி 5 (20-12-1938)

அண்ணன் அவர்களுக்கு, செவந்தி எழுதிக்கொண்டது.

கடிதம் வந்தது. கோபமாக இருந்தால் பதில் எழுதுவேனா என்று நினைக்காதீர்கள். கோபமாகத்தான் இருக்கிறேன், எழுதவும் செய்கிறேன். அஞ்சாம் வகுப்பு வரைக்கும் என்னை உட்காரவைத்துப் படிக்க வைத்தது நீங்கள்தானே, அந்தப் பாவம் உங்களைச் சும்மா விடாது.

நீங்கள் சொன்னபடியே பொம்மைகளைத் துடைத்தேன். வேட்டியைக் கிழித்தேன், தூரிகையால் தட்டினேன், ஈரம் படாமல் பார்த்துக்கொண்டேன். கையையும் கழுவினேன். குன்றாண்டார்கோவில் குருக்கள்கூடச் சாமியைத் துடைத்துவிட்டு இவ்வளவு கழுவமாட்டார். இந்த மழைக்குச் செல்பூச்சி பிடித்து எங்கள் நெல் பத்தாயத்தின் கால் ஒன்று மாவாகக் கொட்டிவிட்டது. உங்கள் பெட்டியின் அடிப்பலகையையும் அரித்துவிட்டது. ஆனால் உள்ளே பொம்மைகளை ஒன்றும் தொடவில்லை. ஒரு பல்லி மட்டும் ராஜா காலடியில் செத்துக் கிடந்தது, எடுத்துப் போட்டேன். ரங்கூன் வார்னிஷ் நல்ல வார்னிஷ்தான். வாங்க முடிந்தால் பத்தாயத்துக்கும் கொஞ்சம் வாங்கி வாருங்கள்.

அழகி இன்னும் அந்தப் பெட்டிப் பக்கம் போவதில்லை. நான் கதவைத் திறந்தாலே கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறாள். அதைப் பார்க்கும்போது உங்கள்மேல் எனக்கு வருகிற ஆத்திரத்தை எழுதினால் தபால்காரர் கை சுட்டுவிடும்.

இனிமேல் எழுதப்போவதை எழுதலாமா வேண்டாமா என்று நேற்றிலிருந்து யோசித்தேன். மறைத்தால் மனசு கேட்காது. ஊரில் விஷக்காய்ச்சல். போன வாரம் அழகிக்கும் வந்துவிட்டது. உடம்பு கொதித்தது, வயிறு உப்பிக்கொண்டது. மருத்துவச்சி மீனம்மாள் வந்து பார்த்தாள். "செம்மரம் இருந்தா ஒரசி நாக்குல தடவு தாயி. சூடு எறங்கிரும். நல்ல மரப்பாச்சி ஒங்க வீட்லதான இருக்கு, அதவிட வேறென்ன மருந்து வேணும்?" என்றாள். நம் ஊரில் எல்லா வீட்டிலும் செய்வதுதானே. நம் அம்மாவும் நமக்கு அப்படித்தான் கொடுத்திருப்பாள்.

ராணியை எடுத்தேன். சந்தனக் கல்லில் தண்ணீர் விட்டு, பாதத்தின் அடியைத்தான் உரைத்தேன், மேலே தெரியாதே என்று. நேற்றும் இன்றும் கொடுத்திருக்கிறேன். சூடு கொஞ்சம் இறங்கியிருக்கிறது. ஆனால் வாந்தி எடுக்கிறாள், வாயெல்லாம் புண்ணாகக் கிடக்கிறது. காய்ச்சல் வெளியே வருகிறது என்கிறாள் மீனம்மாள்.

ராணியின் பாதம் லேசாகத் தேய்ந்துவிட்டது. உங்களைக் கேட்காமல் எடுத்தது குற்றம்தான். எனக்கும் உறுத்திக்கொண்டேதான் இருக்கிறது. பிள்ளை கிடந்த கிடப்பில் எனக்கு வேறு தோன்றவில்லை. திட்டாமல் எழுதுங்கள்.

செவந்தி

*

ரங்கூன்
30-12-1938

செவந்தி,

உன் கடிதம் இன்று காலை வந்தது. வேலைக்குப் போகவில்லை.

ராணியை இனிமேல் உரைக்காதே. இதை வாசித்த நிமிஷத்திலிருந்து உரைக்காதே. அது ஜோடிப் பொம்மை. ஒன்று தேய்ந்தால் ஜோடி கெட்டுவிடும். இருபது வருஷமாகக் கண்ணும் கருத்துமாக வைத்திருக்கிறேன் என்று உனக்குத் தெரியும். கீரனூர் நாட்டு மருந்துக் கடையில் செஞ்சந்தனக் கட்டை கிடைக்கும், அதை வாங்கிக்கொள். மீனம்மாளிடமும் சொல்லிவிடு.

அழகிக்குக் கோழிமுட்டையின் வெள்ளைக்கருவைப் பாலில் அடித்துக் கொடு. நிறையப் பால் கொடு. ஏன் எதற்கு என்று கேட்காதே, இங்கே ஒரு டாக்டர் சொன்னார். வாந்தி நின்றதா, வாய்ப்புண் ஆறியதா, உடனே எழுது. தபால் போகிற நாளுக்குக் காத்திராமல் மாப்பிள்ளையைக் கீரனூருக்கே அனுப்பித் தபாலில் சேர்க்கச் சொல்.

பெட்டியைப் பூட்டு. சாவியை உன் இடுப்பிலேயே வைத்துக்கொள்.

ரெங்கசாமி

*

குன்றாண்டார்கோவில்
வெகுதானிய வருஷம், தை 2 (15-1-1939)

அண்ணன் அவர்களுக்கு,

மாட்டுப் பொங்கலும் அதுவுமாக யாரிடமும் சண்டை போடக்கூடாது என்று இருந்தேன். முடியவில்லை.

பிள்ளை பிழைத்தாளா என்று ஒரு வரி, ராணி தேய்ந்துவிட்டாள் என்று ஒரு பத்தி. முட்டையும் பாலும் யாரோ டாக்டர் சொன்னதற்காக எழுதினீர்கள், ஜோடி கெட்டுவிடும் என்பது மட்டும் உங்கள் சொந்த வயிற்றெரிச்சல். உங்கள் மாப்பிள்ளை இன்று கடிதத்தை வாசித்தார், மடித்து மாடத்தில் வைத்தார். மாட்டுக்குக் கொம்பில் காவி பூசப் போய்விட்டார். அவர் அப்படி ஒன்றும் சொல்லாமல் போனதுதான் எனக்குத் தலைகுனிவாக இருந்தது.

அழகி நன்றாக இருக்கிறாள். காய்ச்சல் திரும்பின ஒன்றிரண்டு நாள் மட்டும் ராணியை உரைத்துக்கொண்டிருந்ததையும் உங்கள் கடிதம் வந்த அன்றே நிறுத்திவிட்டேன். நீங்கள் மனசில்லாமல் தருகிற எதையும் என் பிள்ளை வாயில் வைக்கமாட்டேன். முட்டை வெள்ளைக்கருவைப் பாலில் அடித்துக் கொடுத்தேன், அதை மட்டும் ஏன் தள்ள வேண்டும் என்று. வாந்தி நின்றது, வாய்ப்புண் ஆறிவிட்டது. நேற்றுப் பொங்கலை வழித்து வழித்துத் தின்றாள்.

இன்னொன்றும் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு வீடு தள்ளி இருக்கிற இருளாயியை உங்களுக்குத் தெரியும். பிறந்த இரண்டையும் பறிகொடுத்துவிட்டு, மூன்றாவதாவது தங்கட்டும் என்று பிச்சை என்று பேர் வைத்து வளர்க்கிறாளே, அவள். முந்தாநாள் அந்தப் பையனுக்கும் காய்ச்சல் கண்டுவிட்டது. ஓடி வந்தாள். "அக்கா, அழகிக்குக் கேட்டுச்சே, அந்த மரப்பாச்சியக் கொஞ்சம் தாங்க. ஒரசிட்டு அப்படியே கொண்டாந்து குடுத்துர்றேன்" என்றாள். வேறு நேரமாக இருந்தால் யோசித்திருப்பேன். உங்கள் கடிதம் அடுப்படி மாடத்தில் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே பெட்டியைத் திறந்து ராணியை எடுத்துக் கொடுத்தேன். "அவசரமில்ல, பையனுக்குச் சொகமாகுற மட்டும் நீயே வச்சுக்க" என்றேன். காய்ச்சல் திரும்பும்போதெல்லாம் உரைக்கிறாள். முழங்கால் வரைக்கும் தேயட்டும், இடுப்பு வரைக்கும் தேயட்டும். வந்து கேளுங்கள், நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

ரப்பர் பந்து வேண்டாம். இங்கே புளியம்பழம் இருக்கிறது, அதை உருட்டி விளையாடுவாள்.

செவந்தி

*

தந்தி
(26-1-1939 அன்று ரங்கூனிலிருந்து இங்கிலீஷில் வந்தது. கீரனூர் தபாலாபீசில் அடியில் பென்சிலால் தமிழில் எழுதிக்கொடுத்தார்கள்.)

பொம்மை உரைத்துக் கொடுக்காதே. விஷம். உடனே வாங்கிவிடு. குழந்தையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ. டாக்டரிடம் இதைக் காட்டு. ரெங்கசாமி.

*

ரங்கூன்
26-1-1939

தாயி செவந்தி,

தந்தி கொடுத்துவிட்டு வந்து இதை எழுதுகிறேன்.

நான் பூசியது வார்னிஷ் இல்லை. நம் பக்கத்து வைத்தியர்கள் வீரம் என்பார்களே, அந்தப் பாஷாணம். இங்கே மரக்கிடங்கில் மாதிரிக் கட்டைகளைச் செல் அரிக்காமல் இருக்க அதைச் சாராயத்தில் கரைத்துப் பூசுவோம். ஒரு புட்டி கொண்டு வந்திருந்தேன். நீ வயலுக்குப் போயிருந்த சமயம் எல்லாப் பொம்மைகளுக்கும் பூசினேன். செல் அடியிலிருந்துதான் ஏறும் என்று ராணியையும் ராஜாவையும் மருந்துக்குள்ளேயே நிறுத்தி ஊறவைத்தேன். நீ உரைத்ததும் அந்தப் பாதத்தைத்தான்.

பூசிக் காய வைத்திருக்கும்போது அழகி வந்து ராணியை எடுத்து வாயருகில் கொண்டு போனாள். அதனால்தான் தட்டிவிட்டேன். அப்போதே உன்னிடம் சொல்லியிருக்கலாம். விஷம் என்று சொன்னால் பிள்ளை இருக்கிற வீட்டில் அந்தப் பெட்டியை ஒரு நாள் வைத்திருக்கமாட்டாய். குளத்தில் கொண்டு போய்ப் போடுவாய். அதற்குப் பயந்து வார்னிஷ் என்றேன். கை கழுவு, சாவியை மேலே மாட்டு என்று சொன்னால் போதும் என்று நினைத்துவிட்டேன். நம் ஊரில் மரப்பாச்சியை மருந்தாக உரைப்பார்கள் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். என் பொம்மையை யாரும் உரைக்கமாட்டார்கள் என்று நினைத்தேன். அது என் பொம்மை என்பதைத் தவிர என் புத்தியில் வேறு எதுவும் இல்லை.

உன் மார்கழிக் கடிதத்தை வாசித்ததுமே தந்தி கொடுத்திருக்க வேண்டும். தபாலாபீஸ் வாசல் வரைக்கும் போனேன். விஷம் என்று தந்தியில் எழுதினால் ஊரே வாசிக்கும், மாப்பிள்ளை வாசிப்பார், விஷம் என்று தெரிந்துதான் வைத்துவிட்டுப் போனான் என்று ஆகிவிடும் என்று திரும்பி வந்தேன். கஞ்சன் என்று நீ நினைத்தால் நினைத்துவிட்டுப் போ என்று அந்த ஜோடிப் பேச்சை எழுதினேன். உரைக்காதே என்றால் நிறுத்திவிடுவாய், முட்டையும் பாலும் விஷத்தை முறிக்கும், அதோடு யாருக்கும் தெரியாமல் முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். நீ நிறுத்தினாய். ஆனால் நான் காரணம் சொல்லாததால் அந்தப் பையன் வாய்க்கு அது போயிருக்கிறது.

பிச்சைக்கு என்ன ஆயிற்று? எதுவானாலும் மறைக்காமல் எழுது. மறைத்தது நான் ஒருவன் போதும்.

ரெங்கசாமி

*

குன்றாண்டார்கோவில்
வெகுதானிய வருஷம், தை 28 (10-2-1939)

அண்ணன் அவர்களுக்கு,

பிச்சை உயிரோடு இருக்கிறான். முதலில் அதை வாசித்துக்கொள்ளுங்கள்.

தந்தி வந்த அன்று நான் களத்தில் நெல் தூற்றிக்கொண்டிருந்தேன். சைக்கிளில் வந்த ஆள் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தார். பென்சில் எழுத்தை எழுத்துக் கூட்டி வாசித்தேன். முறத்தைப் போட்டது தெரியாது, ஓடினது தெரியாது. இருளாயி வீட்டில் சந்தனக் கல் ஈரமாக இருந்தது. ராணி பக்கத்தில் சாய்ந்து கிடந்தாள். பாதம் இரண்டும் இல்லை. பையன் வாயோரம் எச்சில் ஒழுகிக்கொண்டு சுருண்டு கிடந்தான். "ரெண்டு நாளா ரத்தமாப் போகுதுக்கா. காச்சல் குடலுக்கு எறங்கிருச்சு போல" என்றாள் இருளாயி. நான் தந்தியை மடியில் சொருகிக்கொண்டு, "ஆஸ்பத்திரிக்குப் போவம் வா" என்று மட்டும் சொன்னேன்.

உங்கள் மாப்பிள்ளை வண்டி பூட்டினார். கீரனூரில் ரயில் பிடித்துப் புதுக்கோட்டைக்குக் கொண்டு போனோம். டாக்டர் பையன் வாயைத் திறந்து பார்த்துவிட்டு, "நாட்டு மருந்து ஏதாச்சும் கொடுத்தீங்களா?" என்று கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் இருளாயி, "வேறொண்ணும் குடுக்கல சாமி. மரப்பாச்சி ஒரசிக் குடுத்தேன். இந்த அக்கா குடுத்தது, ரொம்ப நல்ல மரம்" என்றாள். "அது ஒண்ணும் பண்ணாது" என்று டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

அண்ணே, அப்போதும் நான் நின்றுகொண்டுதான் இருந்தேன். தந்தி என் மடியில் இருந்தது. காட்டச் சொல்லி நீங்கள் எழுதியிருந்தீர்கள். இருளாயி என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் முன்னால் எடுத்து நீட்ட என்னால் முடியவில்லை. அவள் தண்ணீர் பிடிக்கப் போன பிறகுதான் டாக்டர் பின்னால் ஓடினேன். வாசித்துவிட்டு அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. "இத முன்னாடியே சொல்றதுக்கு என்னம்மா?" என்று அந்த வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரிக் கத்தினார். பிறகு குழாய் விட்டு வயிற்றைக் கழுவினார்கள். முட்டை வெள்ளைக்கருவும் பாலும் கொடுத்தார்கள்.

முட்டையும் பாலும் என்றதும் எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அழகிக்கு நான் கொடுத்தது அதுதான். இருளாயிக்குப் பொம்மையைக் கொடுத்தேனே தவிர, முட்டை கொடுத்துப் பார் என்று சொல்லவில்லை. உங்கள்மேல் இருந்த கோபத்தில் அது ஞாபகத்துக்கே வரவில்லை.

நேற்று வீட்டுக்கு அனுப்பினார்கள். பையன் முகம் இன்னும் வீங்கியிருக்கிறது. ஈறு புண்ணாகி முன்பற்கள் விழுந்துவிட்டன. "பால் பல்லுதானக்கா, மொளச்சிரும்" என்று இருளாயி எனக்கு ஆறுதல் சொல்கிறாள். சிறுநீர் சரியாகப் பிரியவில்லை, மாதா மாதம் கொண்டு வந்து காட்டச் சொல்லியிருக்கிறார்கள். எதனால் வந்தது என்று அவளுக்குத் தெரியாது. டாக்டர் என்னையே சொல்லிவிடச் சொன்னார், நானும் தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். நான்தான் பையனைக் காப்பாற்றினேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாள். இன்று காலையில் முருங்கைக்கீரையை ஆய்ந்து கொண்டு வந்து வைத்துவிட்டுப் போனாள். அதைச் சமைக்கவும் முடியவில்லை, கொட்டவும் முடியவில்லை.

"போலீசு கேசாயிரும், வாயத் தொறக்காத" என்கிறார் உங்கள் மாப்பிள்ளை. ராணியை வாங்கி வந்து பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டேன். நான் என்ன செய்யட்டும்?

செவந்தி

*

ரங்கூன்
19-2-1939

அன்புள்ள செவந்திக்கு,

உயிரோடு இருக்கிறான் என்ற வரியைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். பிறகு பல்லைப் பற்றி எழுதியிருந்ததை வாசித்தேன். பால் பல் என்று அந்தப் பெண் சொன்னாளாமே. அந்த வார்த்தையோடுதான் இங்கே எழுந்திருக்கிறேன், படுக்கிறேன்.

நான் வருகிறேன். கிடங்கில் லீவு கேட்டேன், பங்குனியில்தான் கப்பல் ஏற விடுவார்கள் போலிருக்கிறது. அதுவரைக்கும் இருளாயியிடம் ஒன்றும் சொல்லாதே. மாப்பிள்ளை சொல்வதுபோலப் போலீசுக்குப் பயந்து நான் இதைச் சொல்லவில்லை. செய்தவன் நான், நானே அவள் காலில் விழுந்து சொல்ல வேண்டும். நீ சொன்னால் பழி உன்மேல் திரும்பும். நீ தெரியாமல் கொடுத்தாய். உன்மேல் ஒரு குற்றமும் இல்லை. பையனைப் புதுக்கோட்டைக்குக் கூட்டிப் போகிற பொறுப்பும் இனி என்னுடையது.

பெட்டியை யாரும் தொட வேண்டாம். பொம்மைகளை நான் வந்து என் கையாலேயே குழி தோண்டிப் புதைக்கிறேன்.

ரெங்கசாமி

*

குன்றாண்டார்கோவில்
வெகுதானிய வருஷம், மாசி 19 (3-3-1939)

அண்ணன் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. நீங்கள் வரும் வரைக்கும் பொறுத்திருக்கச் சொன்னீர்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். நீங்களே வந்து சொல்வது எனக்கும் சௌகரியமாகத்தான் இருந்தது.

நேற்றுக் காலை கிணற்றுக்குப் போயிருந்தேன். குடத்தோடு திரும்பி வந்தால் பெட்டி திறந்து கிடக்கிறது. சாவியை இடுப்பில் வைக்கச் சொன்னீர்களே, குளிக்கும்போது கழற்றி ஆணியில் மாட்டியிருந்தேன். இருளாயி பொம்மைகளைத் தரையில் வரிசையாக வைத்துக்கொண்டு முந்தானையால் துடைத்துக்கொண்டிருக்கிறாள். ராணியை மடியில் போட்டுக்கொண்டு, தேய்ந்த இடத்தைக் கட்டை விரலால் நீவிக்கொண்டிருக்கிறாள். "ஒங்க அண்ணன் ஆசையா வச்சிருந்த பொம்ம, எம்புள்ளையால தேஞ்சுபோச்சு. தொடச்சாவது வைப்பமேன்னு வந்தேங்க்கா" என்றாள். பிச்சை அவள் முதுகில் சாய்ந்து நின்றுகொண்டு, ராஜாவைக் கையில் எடுத்து, அந்தப் பல்லில்லாத வாய்க்குக் கொண்டு போனான்.

குடத்தைப் போட்டுவிட்டுப் பாய்ந்தேன். பையன் கையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினேன். ராஜா தெறித்துப்போய் விழுந்தான். பிச்சை வீறிட்டு அழுதான். "தொடாத. எங்கண்ணன் வைவாரு" என்று கத்தினேன்.

அண்ணே, என் வாயிலிருந்து வந்தது அதுதான். இருளாயி என்னை நிமிர்ந்து பார்த்தாள். ஒரு மரக்கட்டைக்காகச் சாகக் கிடந்து பிழைத்த பிள்ளையை அடித்துவிட்டாளே என்று பார்த்தாள். உங்களை ஆடியில் நான் எப்படிப் பார்த்தேனோ அதே பார்வை. பையனைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டாள். அவளை அப்படியே போக விட்டிருக்கலாம். இனிமேல் இந்த வீட்டுப் படி ஏறியிருக்கமாட்டாள். பெட்டியையும் தொட்டிருக்கமாட்டாள். நீங்கள் வரும் வரைக்கும் கஞ்சப்பிசினாரி என்ற பேரோடு நிம்மதியாக இருந்திருக்கலாம். உங்களுக்கும் ஆரம்பத்தில் இப்படித்தான் தோன்றியிருக்கும் என்று அப்போது எனக்குத் தெரிந்துவிட்டது.

வாசலில் மறித்து, "இருளாயி, அதுல விசம் பூசியிருக்கு" என்று சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். வார்னிஷ் என்று நீங்கள் சொன்னதைச் சொன்னேன், தந்தியைச் சொன்னேன், ஆஸ்பத்திரியில் அவள் தண்ணீருக்குப் போகும் வரைக்கும் நான் வாயைத் திறக்காததையும் சொன்னேன்.

அவள் அழுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நின்றேன். அவள், "கைய எதப் போட்டுக் கழுவணும்?" என்று கேட்டாள்.

சீயக்காய் என்றேன். எடுத்து வர உள்ளே ஓடினேன். வருவதற்குள் அவள் வீட்டுக்குப் போய்விட்டாள். தன் வீட்டு வாசலில் பையனை உட்காரவைத்து, கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவதைத் தெருவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். விரலிடுக்கெல்லாம் கழுவினாள். தன் முந்தானையையும் கிழித்து எறிந்தாள். பிறகு பையனை உள்ளே விட்டுவிட்டு என்னிடம் வந்தாள். ஈரக் கையோடு நின்றாள். அக்கா என்று கூப்பிடவில்லை.

"அழகிக்கு ஒரசிக் குடுக்குறத எப்ப நிப்பாட்டுனீங்க?"

"அண்ணன் கடுதாசி வந்த அன்னைக்கு" என்றேன்.

"எங்கிட்ட அந்தப் பொம்மையக் குடுத்தது?"

"அதுக்கப்புறம்."

"ஒங்க புள்ளைக்கு வேணாம்னு நிப்பாட்டுனத, எம்புள்ளைக்குக் குடுத்தீங்களா?"

விஷம் என்று எனக்குத் தெரியாது என்று சொல்லலாம். அது நிஜம்தான். நீங்களும் கடிதத்தில் அதையே எழுதியிருக்கிறீர்கள், தெரியாமல் கொடுத்தாய், உன்மேல் குற்றமில்லை என்று. ஆனால் அவள் கேட்டது அது இல்லை. என் பிள்ளை வாயில் வைக்கமாட்டேன் என்று உங்களுக்கு எழுதிய கை இந்தக் கைதான். அவள் பிள்ளைக்கு எடுத்துக் கொடுத்ததும் இதே கைதான். உங்களுக்கு வலிக்க வேண்டும் என்பதற்காக, அவள் பையனைக் காட்டி உங்களை அடித்திருக்கிறேன்.

"ஆமா" என்றேன்.

அவள், "ஒங்க அண்ணன் வந்தா இங்கிட்டு வரச் சொல்லுங்க. அந்தப் பொம்மையையும் எடுத்துக்கிட்டு வரச் சொல்லுங்க. நீங்களும் வாங்க" என்று சொல்லிவிட்டுப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். எதற்கு என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. போலீசுக்குப் போவாளா, ஊர்க்கூட்டம் போடுவாளா, தெரியாது. எது செய்தாலும் நான் மறுக்கப்போவதில்லை என்று உங்கள் மாப்பிள்ளையிடம் சொல்லிவிட்டேன். இன்று காலையில் கோழி இட்ட முட்டைகளை எடுத்துக்கொண்டு அவராகவே இருளாயி வீட்டுக்குப் போனார். வாங்கவில்லை என்று திருப்பிக் கொண்டு வந்துவிட்டார்.

பொம்மைகளை ராணியோடு சேர்த்துப் பெட்டியில் வைத்து ஆணி அடித்துவிட்டேன். புதைக்க வேண்டாம். அவள் எடுத்து வரச் சொல்லியிருக்கிறாள்.

கீரனூரில் இறங்கி வண்டி பிடித்து வந்தால் எங்கள் வீட்டுக்கு முன்னால் இருளாயி வீடு வரும். வண்டியை அங்கேயே நிறுத்திவிடுங்கள். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அங்கே வந்துவிடுகிறேன்.

செவந்தி